நட்சத்திர வீரரை அணியிலிருந்து வெட்டிவிட்டால் சம்பளக் கணக்கு தீர்ந்துவிடாது

"வயதான நட்சத்திரத்துக்கு எவ்வளவு கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டித்தாலும் அணிக்கு நஷ்டமில்லை, ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த வருஷமே வெட்டிவிடலாம், சம்பள வரம்பில் (ஓர் அணியின் மொத்தச் சம்பளச் செலவுக்கான உச்சவரம்பு) அந்தத் தொகையும் காலியாகிவிடும்" என்று அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

என்பிஏவில் பெரிய வீரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் முழு உத்தரவாதம் உள்ளது. விடுவித்தாலும் பணம் கொடுத்தே ஆகவேண்டும், வரம்புக் கணக்கிலும் அது உட்கார்ந்திருக்கும். அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லில் உத்தரவாதம் இல்லாத வருடங்கள் நிறைய உண்டு, குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

என்பிஏ நட்சத்திரம் டேமியன் லில்லார்டையே பாருங்கள். 2022இல் போர்ட்லேண்ட் அணி அவருக்கு, இருந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு தொடங்கும் இரண்டு வருட நீட்டிப்பு கொடுத்தது, சுமார் 12.2 கோடி டாலர். அப்புறம் அவர் மில்வாக்கி அணிக்குப் போனார், 2025 ஏப்ரலில் குதிகால் தசைநார் கிழிந்தது, ஜூலையில் அணி அவரை விடுவித்தது. மீதி இருந்த சுமார் 11.3 கோடி மறைந்துபோகவில்லை. மிச்சமிருந்த இரண்டு வருடங்களை இரட்டிப்பாக்கி ஒன்று கூட்டும் விதிப்படி ஐந்து வருடங்களுக்குப் பரப்பினார்கள், அவர் இனி ஆடாத மில்வாக்கியின் கணக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 2.25 கோடி!

அதனால்தான் நீட்டிப்பு இவ்வளவு கனமான முடிவு. கொடுக்கலாமா வேண்டாமா என்று தாராளமாக வாதிடுங்கள், என்னைக் கேட்டால் 35ஐத் தாண்டியவருக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். விதிகள் முழுதும் வீரர்கள் சங்கத்தின் இணையதளத்தில் உள்ள, லீக்கும் சங்கமும் போட்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.