தலைவர் யார்?

எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. ஊராட்சித் தலைவருக்குப் போன் செய்தால், "சொல்லுங்கள், தலைவர்தான் பேசுகிறேன்" என்கிறது ஓர் ஆண் குரல். கூச்சமே கிடையாது. நான் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தியது இவருடைய மனைவிக்கு!

நேரில் போனேன். தலைவர் நாற்காலியில் துண்டு விரித்து அவர் உட்கார்ந்திருந்தார். ஓரமாக, பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா. மனுவை அம்மாவிடம்தான் நீட்டினேன். அது கைமாறிக் கணவரிடம் போய், கையெழுத்துக்கு மட்டும் திரும்பி வந்தது. எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்து வேறு காட்டினார். அந்த அம்மா பட்டதாரி. ஐயா பத்தாவதைத் தாண்டாதவர்.

2016இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்றாக்கினார்கள். பேனரில்கூட அந்தப் பாதி கிடைக்கவில்லை: கணவர் ஆளுயரம், தலைவர் அஞ்சல்தலை அளவு. சட்டமன்றத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1927இலேயே முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத் துணைத்தலைவராக அமர்ந்த மாநிலம் இது; 2021 தேர்தலில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12. மூன்றில் ஒரு பங்கு தருகிறோம் என்று 2023இல் அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள், கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிந்த பிறகுதான் என்று இரண்டு பூட்டும் போட்டார்கள்.

நான்காம் நாள் தண்ணீர் வந்தது. நன்றி சொல்லலாமே என்று போன் செய்தேன். அதிசயமாக அந்த அம்மாவே எடுத்தார்.

"தலைவர் குளிக்கிறார், பிறகு கூப்பிடுங்கள்" என்றார்.