15 ஆடு, 3 புலி, 4 செருப்பு

இந்த லீவுக்கு எங்க அபார்ட்மெண்ட்ல (பெங்களூர்ல அல்சூர் பக்கம்) பசங்கள மேய்க்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. 9 வயசுல இருந்து 12 வரைக்கும் மொத்தம் 14 உருப்படி. ரெண்டுங்கெட்டான் வயசு, சொப்பு சாமான் எடுத்தா "சின்னப் புள்ளைங்க ஆட்டம்"னு மூஞ்சிய சுளிக்கும், சும்மா விட்டா போனோட லிஃப்ட் பக்கத்துல போய் ஒக்காந்துக்கும்.

மொத நாள் நான் பண்ண தப்பு, ஆன்லைன்ல கிராஃப்ட் கிட் வாங்குனது. எல்லாத்தையும் அவனே வெட்டி, ஓட்டை போட்டு, எங்க எத ஒட்டணும்னு நம்பர் வேற போட்டு அனுப்பிருக்கான். அரை மணி நேரத்துல முடிஞ்சுது. ஒரே மாதிரி 14 ஆந்தை. ஒருத்தரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல, எல்லாம் எங்க ஷூ ரேக் மேல நின்னு என்னைய மொறைக்குது.

அப்புறம்தான் அரவிந்த் குப்தா ஞாபகத்துக்கு வந்தாரு. ஐஐடி கான்பூர்ல படிச்சிட்டு, தூக்கிப் போடுற சாமான்ல பொம்மை செய்யக் கத்துக்குடுக்குற மனுஷன், 2018ல பத்மஸ்ரீ கூட குடுத்தாங்க. அவரோட தீக்குச்சி வேலைதான் செஞ்சோம். சைக்கிள் கடையில வால்வ் டியூப் வாங்கி சின்னச் சின்னத் துண்டா நறுக்கி, ரெண்டு பக்கமும் குச்சிய சொருகுனா ஜாயின்ட் ரெடி (குச்சி மருந்த மொதல்ல சுரண்டிடுங்க). 3 குச்சில முக்கோணம், ஆடாம அசையாம நிக்குது. 4 குச்சில சதுரம், தொட்டாலே சாயுது. ஒரு பையன் ரொம்ப நேரம் அத நிமித்தி நிமித்திப் பாத்துட்டு, வெளக்கமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சிய உருவி, அளவா ஒடிச்சு மூலைக்கு மூலை சொருகினான். அவ்ளோதான், கெட்டியா நின்னுடுச்சு. அடுத்த நாள் எதிர் சைட்ல நிக்குற கிரேன காட்டி, "ஆன்ட்டி, அதுல ஃபுல்லா முக்கோணம்"ங்குறான். நான் ஒரு வார்த்தை சொல்லல, சத்தியமா.

வெளையாட்டுல லகோரி (நம்ம ஏழு கல்லுதான்) தான் என் ஆசை, ஆனா கீழ பந்து ஆடக் கூடாதுன்னு போர்டு மாட்டி வெச்சிருக்காங்க. அதனால மொட்டை மாடில சாக்பீஸால பெருசா ஆடு புலி ஆட்டக் கட்டம் போட்டோம், உச்சில இருந்து எறங்குற கோடு, குறுக்க ஓடுற கோடு, 23 முனை. காய்க்குப் பதிலா பசங்களே நின்னாங்க. 15 ஆடு, 3 புலின்னு 18 பேர் வேணும், இருக்குறது 14, மிச்ச ஆட்டுக்கு 4 செருப்பு. கன்னடப் பொண்ணு ஆடு ஹுலின்னா, தெலுங்குப் பையன் எங்க தாத்தா ஊர்ல புலி மேகான்னு சொல்றான், ரூல் மட்டும் ஆளுக்கு ஒண்ணு.

மொதல்ல எல்லாருக்கும் புலியாவே இருக்கணும். ரெண்டு ஆட்டத்துலயே தெரிஞ்சு போச்சு, ஆடெல்லாம் பேசி வெச்சுக்கிட்டு தாண்ட எடமே இல்லாம அடைச்சு நின்னா புலி நகர முடியாது. 15 ஆட்டையும் எறக்குற வரைக்கும் எந்த ஆடும் நகரக் கூடாது, அதுதான் கஷ்டம், அவசரக்குடுக்கை நடுவுல நகந்துட்டு "நான் நகரவே இல்ல"ன்னு சாதிக்கும். செருப்பு ஆட்ட யாரு நகத்துறதுன்னு ஒரு 20 நிமிஷம் பஞ்சாயத்து, மூணு பாஷைல. ஒரு அம்மா ஓடி வந்து "என்ன சண்டை, ஏன் பாத்துட்டு நிக்குறீங்க"ன்னு என்னையக் கேட்டாங்க. எனக்கென்னமோ அந்தப் பஞ்சாயத்துதான் ஆட்டமே. நாம விசில் ஊதி, ரூல் சொல்லி, கடைசில எல்லாருக்கும் சர்டிஃபிகேட் குடுக்குற சம்மர் கேம்ப்ல இதுக்குத்தான் எடமே இல்ல, அந்த ஃபீஸ கேட்டா வேற மயக்கம் வருது.

சாயங்காலம் மழை வந்து கட்டமெல்லாம் அழிஞ்சிடுச்சு. காலைல மாடில துணி காயப் போடப் போனா, நான் சொல்லாமயே புதுசா கட்டம் போட்டிருக்கு, தண்ணி டேங்க் கீழ ரெண்டு புலி, ஒரு ஆடு ரகசியம் பேசிட்டிருக்கு. எனக்குத்தான் ஒத்தச் செருப்பு இன்னும் கெடைக்கல.