ரேக்குக்கு அடியில் நாலு ஸ்டூல்

ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தோம். சேலைப் பிரிவில் ரேக்குக்கு அடியில் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஜாக்கெட் துணி பண்டல். சட்டம் வந்துவிட்டதே என்று நான்தான் வாங்கிப் போட்டேன். அதில் யாராவது உட்கார்ந்து நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

எந்தச் சட்டம் என்று கேட்கும் கடைக்காரர்களுக்காகச் சொல்கிறேன் (நிறையப் பேர் கேட்பீர்கள், தெரியும்). 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் மசோதாவைத் தாக்கல் செய்தார். வேலை பார்க்கும் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், நாள் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலைமை கூடாது. அவ்வளவுதான் விஷயம். கேரளா 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. அங்கேயும் அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரரும் கடைப் பெண்களும் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து வருஷக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் முதலில் கேட்டது உட்கார இடம்கூட இல்லை, கழிப்பறை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. நம் கடைச் சட்டம் வந்த மறு வருஷமே, 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் ஏறக்குறைய இதே வாசகம் இருந்தது. மில்லில் நின்று வேலை பார்ப்பவருக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அன்றைக்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்த மில் துணியைப் பிரித்துக் காட்டும் பெண்ணுக்கு அது கிடைக்க 73 வருஷம் ஆனது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் ஓர் அரசாணை வந்ததே, மூன்று மூன்று வருஷமாக நீட்டித்துக்கொண்டே வருகிறார்களே, அது எங்கள் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே பறந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கும் ஊர் இது, அது வேறு கதை. ஸ்டூல் சட்டத்தை ஒருவர்கூட அனுப்பவில்லை.

சரி, ஸ்டூலில் ஏன் யாரும் உட்காரவில்லை? அப்பா காலத்திலிருந்து இருக்கும் அக்காவிடம் கேட்டேன். இருபத்தைந்து வருஷமாக நின்றவர், கெண்டைக்காலில் நரம்புச் சுருட்டல். "நீங்க உக்காருன்னு சொல்ல வேணாம் தம்பி. நாங்க உக்காந்தா உங்க மூஞ்சி மாறாம இருந்தா போதும்" என்றார்.

சுருக்கென்றது. என் முகம் மாறுவது எனக்கே தெரியாது. ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குக் கடை காலியாகக் கிடக்கும்போது யாராவது சுவரில் சாய்ந்தால் "அந்த ரேக்கைக் கொஞ்சம் சரி பண்ணும்மா" என்று சொல்கிற ஆள் நான்தான். சரியாக இருக்கும் ரேக்கைத்தான் சொல்லியிருக்கிறேன். நான் உட்கார்ந்திருப்பது கல்லாவில், குஷன் போட்ட நாற்காலியில்.

பிரிவு 22-ஏ-யின் ஓட்டையும் அங்கேதான். "வாய்ப்பு கிடைக்கும்போது" என்கிறது சட்டம். அந்த வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? நாம்தான். அதே சட்டம் சாப்பாட்டு ஓய்வைப் பற்றிப் பேசும்போது இப்படி மழுப்பவில்லை. தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவே ஒரு மணி நேரம் விட வேண்டும் என்று கணக்காகச் சொல்கிறது. ஸ்டூலுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். இத்தனை பேருக்கு இத்தனை இருக்கை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்று விதியில் எழுதட்டும். முதலாளியாக இருந்துகொண்டு நானே இதைக் கேட்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவாம். பேங்கில் கேஷியர் எழுந்து நின்றா பணம் எண்ணித் தருகிறார்? நாமும் உட்கார்ந்துதானே பில் போடுகிறோம்? இடம் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் எங்கள் கடையில் ஒற்றைக்கால் வைக்க இடம் கிடைக்காது. ஆனால் வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் தீபாவளியா?

இன்னொன்றும் அக்காதான் சொன்னார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் தலை கவுண்டருக்குக் கீழே போய்விடுகிறது. யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரிவதில்லை, அதனாலும் உட்காருவதில்லை. அடப்பாவி, வாங்கும்போது இதைக்கூடப் பார்க்கவில்லையே என்று இருந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டரை அடி உயரத்தில், கால் வைக்கக் குறுக்குக் கட்டையோடு, ஆறு மர ஸ்டூல் சொல்லியிருக்கிறேன். ஆடி முதல் வாரம் வந்துவிடும்.

படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். வாங்கிக் கட்டிக்கொண்டால் இங்கே வந்து சொல்கிறேன்.