செத்துச் செத்துப் பிழைக்கும் ஸாக்ரியஸ்

'ஹேடீஸ்' என்ற வீடியோ விளையாட்டில், கிரேக்கப் புராணத்து ஸாக்ரியஸைப் பாதாளக் கடவுள் ஹேடீஸின் மகனாகக் காட்டியதில் நண்பர் ஒருவருக்கு வருத்தம். "புராணத்தையே மாற்றிவிட்டார்கள்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் 2020-இல் முழுமையாக வெளியிட்ட இந்த விளையாட்டு, அந்தப் பிள்ளையின் கதைக்கு எது உயிரோ அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது.

ஆர்ஃபிக் என்ற பழைய கிரேக்கச் சமய மரபில் அவன் கடவுள்களின் அரசன் ஸூஸுக்கும் பாதாள அரசி பெர்செஃபொனிக்கும் பிறந்தவன். டைட்டன்கள் என்னும் பழைய தெய்வ இனத்தார் பொம்மைகளைக் காட்டி மயக்கி, அந்தக் குழந்தையைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுகிறார்கள். அதீனா தேவி காப்பாற்றிய இதயத்திலிருந்து மதுக் கடவுள் டயோனைசஸாக மறுபடி பிறக்கிறான். (பண்டைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் நாடகத் துணுக்கு ஒன்றில் ஹேடீஸின் மகன் போலத்தான் வருகிறான். ஆக, அதுவும் புதிதாக இட்டுக்கட்டியது இல்லை.) சாவதும் திரும்பி வருவதும்தான் ஸாக்ரியஸ். விளையாட்டும் அதையேதான் செய்கிறது.

அப்பாவின் மாளிகையிலிருந்து தப்பி டார்டரஸ், ஆஸ்ஃபடெல், எலிசியம் என்று பாதாளத்தின் அடுக்குகளில் ஏறுகிறான். எங்கே செத்தாலும் வீட்டில் இருக்கும் ரத்தக் குளத்திலிருந்து எழுந்து வருவான். எப்படிச் செத்தான் என்று தூக்கக் கடவுள் ஹிப்னாஸ் ஏட்டைப் பார்த்து ஏதாவது சொல்வான். மூன்று தலை நாய் செர்பெரஸைத் தடவிக் கொடுக்கலாம், ட்ராய் போர் வீரன் அகிலீஸிடம் இரண்டு வார்த்தை பேசலாம். வேறு விளையாட்டில் தோற்றால் எனக்கு எரிச்சல் வரும். இங்கே வீட்டில் என்ன சேதி என்று பார்க்கத்தான் மனசு போகும். ஆட்டத்தை எளிதாக்கும் 'கடவுள் நிலை' என்ற அமைப்பை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சாவுக்கும் அடி தாங்கும் பலம் 2 சதவீதம் கூடும்.

இப்படிப் போய் வந்து போய் வந்துதான் மற்றவர்களின் விதியையும் மாற்றுகிறான். ஓயாமல் பாறை உருட்டும் தண்டனை பெற்ற சிசிஃபஸுக்கு விடுதலை. எலிசியத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் தன் அன்பன் பட்ரோக்ளஸிடம் அகிலீஸ் வந்து சேர்கிறான். பிரிந்திருந்த பாடகன் ஆர்ஃபியஸும் அவன் மனைவி யூரிடிஸியும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காட்சியில் கண் கலங்கிவிட்டது.

இன்னும் விளையாடாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி வாசலில் அப்பாவே ஆயுதத்தோடு நிற்கிறார். அவரை ஜெயித்து மேலே வந்தால், தோட்டத்தில் அம்மா பெர்செஃபொனி. இறந்தே பிறந்ததாக அவள் நம்பியிருந்த பிள்ளை எதிரில் நிற்கிறான். ஆனால் பாதாளத்தில் பிறந்தவனுக்கு மேலுலகில் உயிர் தங்காது. கொஞ்ச நேரம்தான் பேச்சு, அதற்குள் செத்து மறுபடி அதே குளத்தில் எழுகிறான். அம்மாவிடம் கேட்க வேண்டியதோ பாதியில் நிற்கிறது. முழுதும் கேட்டு அவளை வீட்டுக்கு அழைத்து வர, பத்து முறை தப்பித்துப் போக வேண்டும்.

பத்து முறையும் போனேன்.