பசை தடவாமல் முறுக்கிய நான்கு ஸ்க்ரூக்கள்

கடந்த ஜூன் மாதம் இராமேசுவரத்தில் தென்காற்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த இரண்டு முழு நாட்களை நான் கரையில் உட்கார்ந்தே கழித்தேன். பெரிய பட்டம் ஒன்று இழுக்க, பலகை மேல் நின்று கடலில் ஓட்டும் கைட் சர்ஃபிங்குக்காகப் போயிருந்தேன். கைட் கையில் இருந்தது, அதை உடலோடு பிணைக்கும் ஹார்னஸ் இடுப்பில் இருந்தது, தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. ஆனால் பலகைக்கு அடியில் பூட்டும் ஃபாயிலின் முன் விங், அதாவது முன் இறக்கையின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. புதுச்சேரியிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் பேருந்தில் குலுங்கிப் போனது அந்தப் பிளவைப் பார்ப்பதற்காகவா என்று நினைத்தபோது வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. அந்தப் பிளவுக்குப் பேருந்து காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். உண்மையில் அது மூன்று மாதங்களுக்கு முன்பே, ஒரு கடையின் மேசை மீது, நான்கு ஸ்க்ரூக்களை, உப்புநீர் புகாமல் தடுக்கும் கிரீஸ் போன்ற பசையைத் தடவாமல் முறுக்கிய அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது.

முதலில் இந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைட் சர்ஃபிங் பலகையின் அடியில் செங்குத்தாக மாஸ்ட் என்ற ஒரு கம்பம், அதன் கீழ் முனையில் குறுக்கே ஃபியூசலேஜ் என்ற ஒரு தண்டு, அதன் முன்னும் பின்னும் விமான இறக்கை போன்ற இரண்டு விங்குகள்: இதுதான் ஹைட்ரோஃபாயில். வேகம் கூடியதும் விங் தண்ணீருக்குள் தூக்குவிசையை உண்டாக்கி, பலகையை அலைக்கு மேலே உயர்த்திவிடும். பலகை தண்ணீரில் உரசாததால் சாதாரணப் பலகைக்குப் போதாத மெல்லிய காற்றிலும் ஓட்டலாம். புதுச்சேரியில் கோடைப் பிற்பகலில் எழும் கடற்காற்று பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் வீசும் என்பதால், ஃபாயில் இல்லையென்றால் எங்களுக்குக் கடலில் பாதி நாள் வேலையே இல்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஃபாயில் கைட் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்று, மார்சேய் கடலில் நடந்தது. அதைக் கைப்பேசியில் பார்த்த பிறகுதான் முத்தியால்பேட்டையைச் சேர்ந்த நாங்கள் நான்கு பேர் பணம் சேர்த்து, 1,40,000 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினோம். நான்கு பேருக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒன்றுதான். இதைப் பணக்காரன் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்ததில்லை.

இந்தச் செட்டை வாங்கும்போது எங்களை மயக்கிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: பிரித்து எடுத்துப் போகலாம். 85 சென்டிமீட்டர் மாஸ்ட், 65 சென்டிமீட்டர் ஃபியூசலேஜ், இரண்டு விங்குகள் எல்லாவற்றையும் கழற்றித் தட்டையான ஒரு பையில் அடுக்கிவிட்டால், கிடார் தூக்கிப் போகிறவனைப் போல எங்கும் போய்விடலாம். அப்படித்தான் முதல் வருடம் முழுக்கப் போனோம். ஒவ்வொரு முறை கடலிலிருந்து ஏறியதும் பிரிப்போம், கழுவுவோம், துடைப்போம், மரையில் பசை தடவுவோம். எங்கள் கையில் இருந்தவரைக்கும் ஒரு ஸ்க்ரூ கூட முரண்டு பிடித்ததில்லை.

மார்ச் மாதத்தில் மாஸ்ட் லேசாக ஆடுவது போலத் தோன்றியதால் அதை ஒரு கடையில் சரிபார்க்கக் கொடுத்தோம். எங்கே இருக்கும் எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. மூன்று நாள் கழித்து 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, முழுதாகப் பூட்டிய நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது, "நாங்க டைட் பண்ணதை நீங்க கழட்டாதீங்க, கழட்டுனா வேலைக்கு நாங்க பொறுப்பில்ல" என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நாங்களும் அறிந்தவர்கள் சொல்கிறார்கள் என்று மதித்து, பிரிக்காமல் வைத்திருந்தோம். ஏப்ரல், மே இரண்டு மாதங்களிலும் வீராம்பட்டினம் பக்கம் பத்துப் பன்னிரண்டு முறை இறக்கியிருப்போம். வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மூட்டுக்குள் புகுந்த உப்புநீரை வெளியிலிருந்து எப்படிக் கழுவ முடியும்?

எங்கள் மாஸ்ட்டும் ஃபியூசலேஜும் அலுமினியம், முன் விங் கார்பன், ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கடல்நீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி. அதில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். எஃகும் கார்பனும் ஒன்றுமே ஆகாமல் உட்கார்ந்திருக்கும். கரைந்த அலுமினியம் வெள்ளை மாவாக மாறும், அந்த மாவு தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், மரையின் இடுக்கில் அதற்கு இடமில்லாததால் ஆப்பு அடித்ததைப் போல ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கும். இதைத் தடுப்பதற்காகவே படகுக்காரர்கள் உபயோகிக்கும் பசைகள் இருக்கின்றன. பட்டாணி அளவு பசையை மரையில் தடவினால் உப்புநீர் உள்ளே போகாது, உலோகமும் உலோகமும் நேராக உரசாது. அதைத் தடவ ஒரு ஸ்க்ரூவுக்குப் பத்து விநாடி ஆகும். 2,800 ரூபாய் வாங்கிய கடை அந்தப் பத்து விநாடியை எங்களுக்குத் தரவில்லை.

பயணத்துக்கு முந்தைய இரவு மொட்டை மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தோம். பின் விங் மட்டும் வந்தது. மாஸ்ட்டைப் பிடித்த இரண்டு ஸ்க்ரூக்களும் முன் விங்கைப் பிடித்த இரண்டு ஸ்க்ரூக்களும் அசையவே இல்லை. ஸ்டார் பிட்டை நேராக வைத்து, முழு எடையையும் அதன் மேல் கொடுத்துத் திருப்பினேன். நறநறவென்று ஒரு சத்தம், பிட் வழுக்கி, ஸ்க்ரூவின் தலையில் இருந்த ஆறு முனை நட்சத்திரக் குழி வழவழவென்று வட்டமாகிவிட்டது. கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி, நகக்கண்ணில் சுண்ணாம்பு ஒட்டியதைப் போல, வெள்ளையாக ஒரு வளையம். சூடாக்கினால் வரும் என்றான் நண்பன். கார்பன் விங்கின் பக்கத்தில் ஹீட் கன்னைக் காட்டினால் அதை ஒட்டிவைத்திருக்கும் ரெசினே இளகிவிடும் என்பதால் நான் விடவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு, மூன்று பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த அந்த உருவத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டினோம்.

ரயிலில் போவதாகத்தான் திட்டம். இரண்டாம் வகுப்புத் தூங்கும் வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம். எங்கள் சாமான் எல்லாம் சேர்த்தாலே அதில் பாதி வராது. ஆனால் எடை மட்டும் போதாதே, அளவும் இருக்கிறது. பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமான் 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் விதி. பிரித்து அடுக்கிய ஃபாயில் பை அந்த அளவுக்குள் அழகாக அடங்கும். பிரிக்க முடியாத ஃபாயில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அடங்காது. ரயிலின் சரக்குப் பெட்டியான பிரேக் வேனில் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். கார்பன் விங்கைப் போர்வையில் சுற்றி, மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விமானத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இராமேசுவரத்துக்கு மதுரையில்தான் இறங்க வேண்டும், உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாக 15 கிலோதான் தருகிறார்கள், அதற்கு மேல் விளையாட்டுச் சாமான் என்று தனிக் கட்டணம் கேட்பார்கள்.

கடைசியில் இரவுப் பேருந்து. சாமான் ஏற்றியவர் போர்வைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த விங்கைத் தட்டிப் பார்த்து, "இன்னா தம்பி இது, ஃபேன் ரெக்கையா?" என்று கேட்டார். கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை, தெரியாததைக் கேட்டார், நான் விளக்கினேன், அவரும் தலையாட்டினார். 600 ரூபாய் கேட்டார்கள், ரசீது இல்லாமல் கொடுத்தேன். மேலே எதையும் வைக்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். டிக்கியின் ஓரத்தில், பலகையை அடியில் படுக்க வைத்து, ஃபாயிலை அதன் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஏறினேன். கடலூரில் ஒரு முறை, சிதம்பரத்தில் ஒரு முறை இறங்கிப் பார்த்தேன். அது வரைக்கும் நன்றாக இருந்தது. நாகப்பட்டினத்துக்கு அப்புறம் அசந்து தூங்கிவிட்டேன். விடிந்து டிக்கியைத் திறந்தால் ஃபாயிலின் மேல் ஏழு துணி மூட்டைகள். காசு வாங்கிக்கொண்டு, தலையாட்டிவிட்டு, வழியில் ஏற்றிய பார்சலை எல்லாம் அதன் மேலேயே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "மூட்டை மெத்துனுதானேங்க இருக்கு" என்கிறார்கள். மெத்தென்ற மூட்டை ஏழு சேர்ந்தால் எத்தனை கிலோ என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, பாடு எனக்கு.

விங் நுனியில் சின்னப் பிளவுதானே, அப்படியே ஓட்டினால் என்ன என்று பலர் கேட்டார்கள். பந்தயக்காரர்கள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டும் கருவி இது. நாங்கள் அந்த வேகத்துக்குப் போவதில்லை என்றாலும், தூக்குவிசை முழுவதும் அந்த விங்கின் மேல்தான் விழுகிறது. பிளவுக்குள் தண்ணீர் புகுந்து அது ஓட்டத்தில் முறிந்தால், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நான் விழுவது கத்தி போன்ற ஓரமுள்ள அந்தக் கார்பனின் மேலேயேதான். அதனால் ஓட்டவில்லை. அந்த இரண்டு நாளும் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் காற்று விழுந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், விசைப்படகு இன்ஜின் வேலை செய்யும் ஒரு லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஃபாயிலைத் தன் வாழ்நாளில் பார்த்திராத அந்தப் பெரியவர், ஸ்க்ரூத் தலையில் இருந்த வெள்ளை வளையத்தை நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "அலுமினியத்துல எவர்சில்வரை வெறுசா திருகுனா கடல் சும்மா வுடுமா தம்பி?" என்றார். நான் ஒரு பத்தி முழுக்க எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்தார். மறுநாள் சால்டரிங் இரும்பின் நுனியை ஸ்க்ரூத் தலையில் மட்டும் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டினார். இரண்டு ஸ்க்ரூக்கள் வந்தன. மற்ற இரண்டின் தலையை டிரில்லிங் மிஷினில் குடைந்து எடுத்துவிட்டு, மிச்சத் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்து, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாக ஆட்டி எடுத்தார். 400 ரூபாய்தான் கேட்டார்.

வெளியே வந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தபோதுதான் எனக்கு இரத்தம் கொதித்தது. அவை எங்கள் ஸ்க்ரூக்களே அல்ல. செட்டோடு வந்தவை கடல்நீருக்கு ஏற்ற 316 ரக எஃகு. கடைக்காரர் போட்டிருந்தவை சாதாரண 304 ரகம், அதுவும் மாஸ்ட்டைப் பிடித்த இரண்டும் பழையதைவிட 5 மில்லிமீட்டர் குட்டை. குட்டை ஸ்க்ரூ என்றால் பிடிக்கும் மரை குறைவு. இரண்டு மாதமாக அந்தப் பிடிப்பை நம்பித்தான் நாங்கள் கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தோம். மாஸ்ட் கழன்று போகாததற்கு அந்த வெள்ளை மாவுதான் காரணமோ என்னவோ.

கடையைக் கேட்டால், "நீங்க சரியா கழுவலை" என்கிறார்கள். நன்னீரில் கழுவுங்கள் என்று கையேட்டில் எழுதியிருப்பதை எனக்கே வாசித்துக் காட்டுகிறார்கள். நன்னீர் எங்கே இருக்கிறது? கடற்கரையோரம் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாலே கரிக்கிறது. எங்கள் தெருவில் அதில் துணி துவைத்தால் நுரை வராது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றை வாங்கி, மாஸ்ட்டின் குழாய்க்குள் ஊற்றி, கவிழ்த்து, மீண்டும் ஊற்றி, கடைசிச் சொட்டு வடியும் வரை சுவரில் சாய்த்து வைக்கிறோம். பலகைக்குள் இருக்கும் காற்று வெயிலில் விரிந்து பலகையை உப்பவைக்கக் கூடாது என்று அதன் வென்ட் ஸ்க்ரூவைத் தளர்த்தி வைப்பதும், தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் மூடுவதும் எங்கள் நால்வரில் யாராவது ஒருவருடைய பொறுப்பு. குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவுகிற எங்களைப் பார்த்துப் பராமரிப்புப் போதாது என்று சொல்ல அவர்களுக்கு எப்படி நா எழுந்தது?

தயாரித்தவர்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் விலை வைத்து விற்கும் பெட்டிக்குள் ஒரு சிறிய பசைக் குழாய் இல்லை. உத்தரவாதச் சீட்டில் மட்டும், அரிப்பினால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அலுமினியமும் கார்பனும் எஃகும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதானே அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்? போதாக்குறைக்கு ஒரு நிறுவனத்தின் ஸ்க்ரூ இன்னொரு நிறுவனத்தின் ஃபியூசலேஜில் பொருந்தாது. அதே நீளம், அதே தலைச் சரிவு, அதே நட்சத்திரக் குழி வேண்டும் என்று காந்தி வீதி இரும்புக் கடைகளில் அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. நான்கு ஸ்க்ரூக்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். ஸ்க்ரூவின் விலையைவிடக் கூரியர் கட்டணம் மூன்று மடங்கு.

விங் இப்போது ரெசின் ஊற்றிக் காய்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு முறை தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். டிசம்பரில் இராமேசுவரத்தில் வடகாற்று எழும்போது பிரித்து அடுக்கிய பையோடு ரயிலில்தான் போவோம். கழற்றியெடுத்த அந்த நான்கு ஸ்க்ரூக்களையும், ஒட்டியிருந்த வெள்ளை மாவோடு, ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் அந்தக் கடைக்குப் போகிறோம். 2,800 ரூபாயும் விங் பழுதுக்கான செலவும் எங்களுக்கு வர வேண்டும். அவர் மேசை மேல் அந்தப் பாட்டிலைத்தான் முதலில் வைக்கப் போகிறேன்.