வடசென்னையில் பழைய வீடு வாங்கி விற்கக் கிளம்பும் தம்பிகளுக்கு

ரீல்ஸைத் திறந்தாலே வீடு வாங்கி விற்கக் கற்றுத்தரும் வகுப்பு விளம்பரம்தான். பழைய வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கு, டைல்ஸ் போட்டு பெயிண்ட் அடி, ஆறு மாதத்தில் விற்று விடு, வந்த லாபத்தில் அடுத்த வீட்டைப் பிடி. இதை நம்பி தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் நிறைய இளைஞர்கள் புரோக்கர் பின்னால் சுற்றுகிறார்கள். இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறவன் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: வாங்கி விற்பதில் ஆரம்பிக்காதீர்கள். சின்னதாக ஒரு வீடு வாங்கி, குடிவைத்து, நாலு வருஷம் ஒழுங்காக நடத்துங்கள். பத்திரம், தண்ணீர், மனுஷர்கள் மூன்றும் அதில்தான் பிடிபடும்.

கணக்கைப் பார்ப்போம். 40 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு அமைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். அதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். ரிப்பேருக்கு 4 லட்சம். 28 லட்சம் கடன் என்றால் எட்டரை வட்டியில் ஒரு வருஷத்துக்கு 2 லட்சத்து 38 ஆயிரம். வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கருக்கு ஒரு சதவீதம். மொத்தம் கிட்டத்தட்ட 51 லட்சம். அந்த விலைக்கு விற்றால்தான் போட்ட பணமே திரும்பும். 24 மாதத்துக்குள் விற்றால் கிடைக்கும் லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து, வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் ஸ்லாப் வரியில் போகும். அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரியோடு முடியும்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு 70 சதவீத விதி என்று ஒன்று உண்டு. ரிப்பேர் முடிந்தபின் வீடு என்ன விலை போகுமோ அதில் 70 சதவீதத்தை எடுத்து, ரிப்பேர் செலவைக் கழித்து, மிச்சத்துக்கு மேல் ஒரு காசு கொடுக்கக் கூடாது. நம் வீடு 55 லட்சத்துக்குப் போகும் என்றால் வாங்கும் விலை 34 லட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. பத்திரம் சுத்தமாக வைத்திருக்கிறவர் ராயபுரத்தில் யார் 34-க்குத் தருவார்? தருகிறார் என்றால் அந்தப் பத்திரத்தில் ஏதோ இருக்கிறது. நான் பார்த்தவரை விலை குறைந்ததற்கான காரணம் பெயிண்ட் உதிர்ந்த சுவரில் இருந்ததே இல்லை.

வடசென்னைப் பத்திரங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பழைய வீடுகள் நிறைய இன்னும் தாத்தா பேரிலோ அப்பா பேரிலோ அப்படியே கிடக்கின்றன. விற்க வருகிறவர் மூத்த மகன். "அக்கா தங்கச்சிக்கெல்லாம் அப்பவே சீர் செஞ்சு அனுப்பிட்டோம்" என்பார். சீருக்கும் பங்குக்கும் சம்பந்தமே கிடையாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்துவிட்டால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குப் பங்கு என்று 1989-லேயே தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்க அது வந்தது 2005-ல். இதெல்லாம் இருந்தும் ஒரு தங்கையின் கையெழுத்து இல்லாமல் விற்கிறார்கள், வாங்குகிறார்கள், பிறகு எல்லோரும் கோர்ட்டில் நிற்கிறார்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு. அந்தத் தங்கையை ஏமாற்றிக் கிடைக்கும் மலிவு விலை எவ்வளவு லாபம் தந்தாலும் வேண்டாம்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வில்லங்கச் சான்று என்பது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், அதில் பதிவானது மட்டும்தான் வரும். பதியாத உயில், வாயால் பிரித்துக்கொண்ட பாகம், கோர்ட்டில் ஓடும் வழக்கு இவையெல்லாம் அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தாய்ப்பத்திரம் (முன்னால் வைத்திருந்தவர்களின் மூலப்பத்திரம்), வாரிசுச் சான்று, பட்டா மூன்றையும் கையில் வைத்து, பேர் பேராகக் கோத்துப் பார்க்க வேண்டும். கோயில் மனையா என்பதையும் விசாரிக்க வேண்டும். கட்டடம் மட்டும் விற்கிறவருடையது, அடிமனைக்குக் கோயிலுக்கு வாடகை கட்டுகிறார்கள் என்ற வீடுகள் இங்கே தெருத்தெருவாக உண்டு. அப்பார்ட்மெண்ட் என்றால் பிரிபடாத பாகம், அதாவது மனையில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். நாளைக்குக் கட்டடத்தை இடித்தால் உங்கள் கையில் மிஞ்சப் போவது அதுதான்.

போன மாதம் ஒரு தம்பி, அரசு வாரியம் ஒதுக்கிய வீடு ஒன்றைப் பற்றிக் கேட்க வந்தான். "அண்ணா, போர்டு வீடு ஒண்ணு வருதுணா. பாதி வெலதான். பவர் போட்டுத் தர்றேன்றாங்க."

"ஒதுக்கீடு யார் பேர்ல இருக்கு தம்பி? வாரியம் அவங்களுக்குக் கிரயம் பண்ணிக் குடுத்துடுச்சா?"

"அதெல்லாம் கேக்கலணா. நெறைய பேர் இப்டித்தான் வாங்கியிருக்காங்க."

வாங்கியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பவர் பத்திரத்தால், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தால், வீடு கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வாரியம் கிரயப் பத்திரம் எழுதித் தராத வீட்டை ஒதுக்கீடு வாங்கியவர் விற்கவே முடியாது. கட்டடத்தின் வயதும் இருக்கிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் அப்படியே சரிந்தன. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச் சேதம் இல்லை. அந்த மாதிரிக் கட்டடத்துக்கு டைல்ஸ் ஒட்டி லாபம் பார்க்க நினைப்பதே தப்பு.

வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் மழைக்காலத்தில் போங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் பக்கம் என்றால் 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு வாசல்படி தெருவுக்குக் கீழே இறங்கிய வீடுகள் ஏராளம். அதற்குத் தரையை உயர்த்தினால் உள்ளே உயரம் குறைந்துவிடும். சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தால் மேலே புட்டி அடித்து மறைத்திருப்பார்கள். கையால் தடவினால் உப்பு பூத்து உதிரும். காசிமேடு மாதிரிக் கடலோரத்தில் கூரை ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பியே துருவேறி ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். மேல்பூச்சு எத்தனை முறை பூசினாலும் நிற்காது. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு அமைந்தால் நான் சந்தோஷப்படுவேன், வெயிலுக்கு அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துச் செல் அரித்திருக்கிறதா என்று சொல்லத் தெரிந்த பழைய மேஸ்திரியோடு போக வேண்டும்.

தண்ணீர் அடுத்தது. போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், உப்புக் கரிக்கிறதா என்று. மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, கைப்பம்பில் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். குடியிருக்க வருகிறவர் முதலில் கேட்கப் போவது இதைத்தான்.

வாடகைக்கு வருவோம். வருஷ வாடகையை வீட்டு விலையால் வகுத்தால் சென்னையில் பெரும்பாலும் 2, 3 சதவீதம்தான் தேறும். வீட்டுக் கடன் வட்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எனவே முழுக்கக் கடனில் வாங்கி வாடகையில் தவணை கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் பாதிப் பணமாவது இருந்து, சின்னதாக, ஆள் காலியாகாத இடத்தில் வாங்கினால்தான் தாக்குப் பிடிக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தபிறகு அந்தப் பாதையில் நடந்து போகும் தூரத்தில் வீடு கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஊழியர்கள், எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர்கள், துறைமுகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் நிலையாகத் தங்குவார்கள். மீன் சமைப்பீர்களா, என்ன ஆளுங்க என்று கேட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஓனர்களின் வீடுதான் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. கடலோர ஊரில் மீன் வாசனை பிடிக்காதவர் வீடு கட்டி வாடகைக்கு விடவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பதினோரு மாத அக்ரிமெண்ட் எழுதி டிராயரில் வைத்தால் போதும் என்ற பழக்கத்தையும் விடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9, 10 ரூபாய் என்று வாங்குகிறார்கள் பாருங்கள், அரசு தரும் இலவச மின்சாரத்தையும் சேர்த்து விற்கிறார்கள். அது வியாபாரமே இல்லை.

கடைசியாக லீஸ். 5 லட்சம், 7 லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடிவைப்பது இங்கே எல்லாத் தெருவிலும் நடக்கிறது. புதிதாக வருகிற தம்பிகளுக்கு இது வட்டியில்லாப் பணமாகத் தெரிகிறது. முதல் வீட்டு லீஸ் பணத்தைப் போட்டு இரண்டாவது வீடு, அதை லீஸுக்கு விட்டு மூன்றாவது. குடியிருப்பவர் நகையை விற்று, சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த தொகை அது. அவர் காலி செய்கிறேன் என்று சொல்லும் நாளில் அடுத்த லீஸ்காரர் கிடைக்கவில்லை என்றால் கொடுக்க ஓனரிடம் ஒன்றும் இருக்காது. நடுவில் ஓனருக்கு மாத வாடகை கட்டிக்கொண்டு, குடியிருப்பவரிடம் லீஸ் பணம் வசூலித்து ஓடிப்போன ஆட்களையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. லீஸ் பணம் வாங்கினால் அதை அப்படியே வங்கியில் வைப்பாகப் போட்டு, அந்த வட்டியை உங்கள் வாடகையாக எடுத்துக்கொள்ளுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் மாத வாடகைக்கே விடுங்கள்.