டிஸ்க் டிரைவைப் பிடுங்கிட்டு பத்தாயிரம் மிச்சமாம்!

"எந்த கேம் கன்சோல் வாங்கலாம்?"னு யாராவது கேட்டா போதும், டெராஃப்ளாப் (கிராஃபிக்ஸ் சிப்போட வேகம்) கணக்கைத் தூக்கிட்டு நாலு பேர் வந்துடறாங்க. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 12, சோனியோட பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) 10.28ன்னு விடிய விடிய சண்டை. ஏன்பா, சோபாவுல உட்கார்ந்து ஆடுறவனுக்கு அந்த ஒண்ணே முக்கால் கண்ணுல தெரியவா போகுது? காசு எங்கே ஒழுகுதுன்னு மட்டும் ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க.

முதல் ஓட்டை டிஸ்க் டிரைவ். பிஎஸ்5 ஸ்லிம் 2024 ஏப்ரல்ல இந்தியாவுக்கு வந்தப்போ டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990. "பத்தாயிரம் மிச்சம் சார்"னு கடையில தலையில கட்டினாங்க. என்ன மிச்சம்? பெரிய கேம் புதுசா வந்தா ஐயாயிரம் பக்கம். டிஸ்க்கா வாங்கினா முடிச்ச கையோட விக்கலாம். மூவாயிரத்துக்குப் போச்சுன்னே வெச்சுக்குங்க, நாலாவது கேம்ல அந்தப் பத்தாயிரம் வந்து சேர்ந்துடும். டிஜிட்டல்ல இருக்கறது சோனியோட ஒரே ஆன்லைன் கடை, அவன் வெச்சதுதான் விலை. விக்க முடியாது, ஃபிரண்டுக்கு ரெண்டு நாள் கொடுக்க முடியாது, அலமாரியில கிடக்கிற பிஎஸ்4 டிஸ்க்கும் வெறும் தட்டு. ஸ்லிம்ல டிரைவைப் பிறகு மாட்டிக்கலாம், சரி. அதுக்கும் முதல் தடவை நெட்ல ஏறிப் பதிவு பண்ணணுமாம்! காசு கொடுத்து வாங்கின டிரைவ், யார்கிட்ட அனுமதி?

டிஸ்க் வாங்கிட்டா எல்லாம் சுபம்னும் இல்லை. 2022ல வந்த கால் ஆஃப் டூட்டி பிஎஸ்5 டிஸ்க்ல இருந்தது சுமார் 70 எம்பி. மீதி நூறு ஜிபி பக்கம் டவுன்லோட்! இன்னொரு கண்ணி: வெளிநாட்டு டிஸ்க் மலிவா கிடைக்குதேன்னு வாங்கினா, அதுக்கான டிஎல்சி (பிறகு தனியா வாங்கற கூடுதல் பகுதி) அந்த ரீஜன் அக்கவுண்ட்லதான் வேலை செய்யும். பிளேஸ்டேஷன் அக்கவுண்ட்ல நாட்டை ஒரு தடவை தேர்ந்தெடுத்தா பிறகு மாத்தவே முடியாது.

அடுத்தது இடம். எக்ஸ்பாக்ஸோட குட்டி மாடல் சீரீஸ் எஸ் பெட்டியில 512 ஜிபின்னு போட்டிருக்கான். கைக்கு வர்றது 364. நூறு ஜிபி கேம் மூணு போட்டா முடிஞ்சது ஜோலி. "டிஸ்க்ல ஆடினா இடம் மிச்சமாகுமே"ன்னு ஒரு புத்திசாலி எப்பவும் வருவார். ஆகாதுங்க! டிஸ்க்கா இருந்தாலும் கேம் முழுசா உள்ளேதான் இன்ஸ்டால் ஆகும், டிஸ்க் வெறும் சாவி. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டினா புது தலைமுறை கேமை அதுல அடுக்கி வைக்கலாம், அதுல இருந்து ஆட முடியாது. எக்ஸ்பாக்ஸுக்கு அவங்களோட தனி எக்ஸ்பான்ஷன் கார்டுதான். பிஎஸ்5 இங்கே பரவாயில்லை, கடையில கிடைக்கிற எம்.2 எஸ்எஸ்டியே (உள்ளே செருகற சின்ன மெமரி பலகை) போதும். ஆனா விலையைப் பார்த்து பழைய தலைமுறை ஜென்3 வாங்கிடாதீங்க, ஏத்துக்காது. ஜென்4தான் வேணும், ரீட் வேகம் நொடிக்கு 5,500 எம்பியாவது இருந்தா நல்லது, ஹீட்சிங்க் (சூடு தணிக்கிற தகடு) கட்டாயம், அதோட சேர்த்து உயரம் 11.25 மிமீக்குள்ள. இதைத் தாண்டின குண்டு ஹீட்சிங்க்கை வாங்கிட்டு, மூடி மூட மாட்டேங்குதுன்னு புலம்பறவங்க ஏராளம். மாட்டறப்போ ரெஸ்ட் மோடுல விடாம முழுசா ஆஃப் பண்ணி, வயரைப் பிடுங்குங்க.

சீரீஸ் எஸ்ல 10 ஜிபி ரேம்தான். அதோட விளைவைப் பாருங்க: பால்டர்ஸ் கேட் 3ங்கற கேம் பிஎஸ்5ல 2023 செப்டம்பர்ல வந்துடுச்சு, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆச்சு. காரணம் இந்தக் குட்டிப் பெட்டியில ஸ்ப்ளிட் ஸ்கிரீன் (ஒரே திரையைப் பிரிச்சு ரெண்டு பேர் ஆடற வசதி) ஓடலை. அப்போ அந்த வசதி இல்லாமலேதான் எஸ்ல விட்டாங்க, 2025லதான் அது வந்து சேர்ந்தது.

டிவி? கன்சோல் பெட்டியில 120ன்னு (நொடிக்கு 120 படம்) அச்சடிச்சிருப்பான். 4கேல அது வர டிவி பேனல் 120 ஹெர்ட்ஸா இருக்கணும், எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் வேணும். 60 ஹெர்ட்ஸ் பேனல் வெச்சுக்கிட்டு மோஷன் 120ன்னு எழுதின டிவிக்கு இது பொருந்தாது. பிஎஸ்5 பெட்டி மேல ரொம்ப நாள் 8கேன்னு கூட இருந்தது. பிறகு சத்தமில்லாம எடுத்துட்டாங்க.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கதை இன்னும் மோசம். பழைய மைக்ரோ எஸ்டி கார்டுல அதோட கேமை வைக்க முடியாது, எக்ஸ்பிரஸ் வகைதான் வேணும். சில கேம்களுக்கு கார்ட்ரிட்ஜ்ல கேமே கிடையாது, சாவி மட்டும்; கேமை டவுன்லோட்தான் பண்ணணும். அந்த கேம் பெட்டியோட முன்பக்கம் கீழே எழுதியிருப்பான், படிச்சுட்டுக் காசை நீட்டுங்க.

இத்தனையும் தாண்டி வாங்கி வெச்சா, ஒரு நாள் கன்ட்ரோலர் ஸ்டிக்குல இருந்து கையை எடுத்த பிறகும் திரையில ஆள் தானா நடப்பான். ஸ்டிக்குக்குள்ள இருக்கிற கார்பன் தடம் தேயுது, அவ்வளவுதான். பிஎஸ்5 கன்ட்ரோலர்ல அதை மாத்தணும்னா 14 ஈயப் புள்ளியை உருக்கி எடுக்கணும். தேயாத காந்த சென்சார் இருக்குன்னு ஊருக்கே தெரியும். புது கன்ட்ரோலர் விக்கிற விலைக்கு அதை ஏண்டா வைக்க மாட்டேங்கறீங்க?